அரக்கன் கோட்டையை எங்கே தேடுவது?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்கள் ஆறு பேர் சொந்தக் காசில் ஒரு மாயாஜாலப் படம் எடுக்கிறோம். ஏழு மலை தாண்டி இருக்கும் அரக்கன் கோட்டையும் ஒரு மந்திரக் காடும் வேண்டும். செட் போட வசதியில்லை. கெல்லி மாளிகையில் எடுக்கலாமா?"

அங்கே எடுக்கலாம் தம்பி, ஆனால் மாளிகையை முழுசாகக் காட்டாதீர்கள். பத்துகாஜா பக்கம் இருக்கும் அந்த மாளிகையை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் இறந்ததும் வேலை அப்படியே நின்றுபோனது. பேராக் மாநிலத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. முகப்பைக் கண்டதுமே "இது கெல்லி மாளிகை" என்று சொல்லிவிடுவார்கள், மாயம் கலைந்துவிடும். ஒரு வளைவு, ஒரு செங்கல் சுவர், இருண்ட படிக்கட்டு, இவை போதும். மீதிக் கோட்டையைப் பார்ப்பவர் மனமே கட்டிக்கொள்ளும்.

காட்டுக்கு நீங்கள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் தோட்டத்துப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கும். அதற்கு முன் இலைகள் செம்பழுப்பாகும், அப்புறம் வெறும் கிளைகள், கீழே சருகு மெத்தை. இந்தப் பச்சை நாட்டில் சபிக்கப்பட்ட காடு என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் சில வாரங்களில் தளிர் வந்துவிடும். அதனால் கதையில் காட்டுக் காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து முதலில் முடித்துவிடுங்கள். பால் வெட்டு காலையிலேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு போனால் யார் வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் சிக்கல் வேறு. முக்கோணக் கணக்கில் நடுவதால் பல பக்கமும் மரங்கள் வரிசையாகத்தான் தெரியும்; பார்த்ததும் தோட்டம் என்று புரிந்துவிடும். சரிவில் படிப்படியாக வெட்டி நட்ட இடத்தைத் தேடுங்கள், அங்கே வரிசை வளைந்து போகும். அடிமரத்தில் பெரணி படர்ந்த கிழட்டு மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வெளிச்சம் குறைவு. எலியைத் தேடி நாகம் வரும், பூட்ஸ் போடாமல் யாரும் இறங்க வேண்டாம். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளின் கரையும் சரியக்கூடியது, நடிகர்களை விளிம்பில் நிறுத்தாதீர்கள்.

அனுமதியில் மட்டும் அவசரம் கூடாது. ஒரு முறை நாங்கள் படமெடுக்க, ஒரு தோட்டத்தில் கிராணி (அலுவலக எழுத்தர்) வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பிப் போனோம். இரண்டாம் நாள் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார், ஒரு நாள் வாடகை முழுவதும் வீண். மானேஜரிடம் தேதி, ஆள் எண்ணிக்கை எல்லாம் போட்டு எழுத்தில் வாங்குங்கள். படப்பிடிப்புச் சான்றிதழுக்கு ஃபினாஸிடம் (மலேசியாவின் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) விண்ணப்பியுங்கள். வனக் காப்பகத்துக்குள் போவதென்றால் மாநில வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையம், நில அளவைத் துறை இரண்டுமே வேண்டும், அதற்கு நாளாகும்.

இன்னொன்று. தோட்டத்து முனியாண்டி சிலையை அரக்கனாகக் காட்டிவிடாதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்த எத்தனையோ பேருக்கு அவர் இன்றும் காவல் தெய்வம். கோவில் பக்கம் கேமரா வைப்பதாக இருந்தால் பூசாரியையும் பெரியவர்களையும் முதலில் பாருங்கள். எங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்திய, இடிந்த பழைய புகைக்கூடம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது அப்படிக் கேட்டதால்தான்.