கனிக்யுலர் ஹீட் என்றால் நாய் வெயிலா?

ரோமைப் பற்றிய கட்டுரையில் 'கனிக்யுலர் ஹீட்' (canicular heat) என்ற ஆங்கிலச் சொல்லை 'நாய் சம்பந்தமான வெப்பம்' என்று மொழிபெயர்த்து, எடிட்டர் சிவப்பில் சுழித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

லத்தீனில் கானிஸ் என்றால் நாய். கனிகுலா, குட்டி நாய். இரவு வானில் மிகப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்துக்கு ரோமானியர் வைத்த பெயர் அது. அங்கே கோடை உச்சத்தில், ஜூலை கடைசி ஆகஸ்ட் வாக்கில், விடியலுக்குச் சற்று முன் அது கிழக்கே தலைகாட்டும். சூரியனோடு அதன் சூடும் சேர்ந்துதான் இப்படிக் கொளுத்துகிறது என்று நம்பினார்கள். கானைன் என்று டாக்டர் சொல்லும் கோரைப்பல்லும் இதே வேர்தான். (கேனரிப் பறவைக்கும் சுற்றிவளைத்து மூலம் நாய்தான்!)

வேலூர்க்காரனுக்கு இது சட்டென்று புரியும். மே மாதம் சத்துவாச்சாரியில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடியில் வெறுங்கால் வைக்க முடியாது. நாமும் பழியை அக்னி நட்சத்திரத்தின் மேல்தானே போடுகிறோம்?

ஆனால் 'அக்னி நட்சத்திரம்' என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். உங்கள் கட்டுரை ரோமைப் பற்றியது, மாதமும் வேறு. 'உச்சிக்கோடை வெயில்' என்று போடுங்கள், போதும்.