மூட்டுவலிப் பொடியும் நுரையீரல் நீரும்

கேள்வி: தொண்டியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியை மாமியார் எட்டு மாதமாக மூட்டுவலிக்குச் சாப்பிடுகிறார். லேபிள் இல்லை, ஈஸ்வரமூலி சேர்ந்தது என்றார்கள். இப்போது கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. பொடிதான் காரணமா? புகார் செய்யலாமா?

பதில்: பொடியை நிறுத்திவிட்டு இன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். படுத்தால் மூச்சு முட்டுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

பொடி காரணமாக இருக்க வாய்ப்புண்டு. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது கெடுப்பது சிறுநீரகத்தை. உப்பும் நீரும் வெளியேறாமல் தேங்கி முதலில் காலில் இறங்கும், பிறகு நுரையீரலைச் சுற்றிச் சேரும். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. 'இத்தனை மாதம் ஒன்றும் செய்யவில்லையே' என்று ஏமாறுவது இதனால்தான். பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளிவந்தது. வேறொரு வேருக்குப் பதில் ஈஸ்வரமூலி இனத்து வேர் கலந்திருந்தது. ஈஸ்வரமூலிக் கொடியில் காய் வெடித்துத் தலைகீழ்க் குடைபோல் தொங்கும்போது அடையாளம் சொல்லலாம். இடித்துப் பொடியாக்கினால் யார் கண்ணாலும் சொல்ல முடியாது. கஷாயமாகக் காய்ச்சினாலும் பாதுகாப்பில்லை.

ஆனால் காசநோயிலும் இதய பலவீனத்திலும் இதே நீர் கோர்க்கும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரக அளவுக்கு ஸ்கேன் மூன்றும் பாருங்கள். கோர்த்த நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கவும் கேளுங்கள். பொடிதான் என்று தெரிந்தால், நிறுத்திப் பல வருடம் கழித்தும் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வரலாம்; சிறுநீர்ப் பரிசோதனையை விடக்கூடாது.

புகார் செய்யலாம். மிச்சப் பொடியைக் கொட்டாதீர்கள். மூன்று பொட்டலமாகப் பிரித்து ஒட்டி, தேதி எழுதுங்கள்: மருத்துவருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, உங்களிடம் ஒன்று. ஆய்வகத்தில் இந்த அமிலத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈயம், பாதரசம் மட்டும் பார்த்தால் இது அகப்படாது. 'லேபிளில்லாப் பொடி, எட்டு மாதம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், வழக்கின் உயிரே அதுதான். பில் இல்லையா? ஜிபே செய்த பதிவை எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை.

இனி சித்த மருந்து வாங்கினால் உரிம எண், பேட்ச் எண், சரக்குகளின் பெயர், தயாரித்தவர் முகவரி நான்கும் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை, வலி தாங்கவில்லை என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கெட்ட சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்.