அழைப்பைத் தள்ளிவிட்டேனா?

கேள்வி: எனக்கு 34 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். 19 வயதில், நர்சிங் படிக்கும்போது, ஒரு கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் “முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்றார்கள். அழுதுகொண்டே எழுந்து நின்றேன். அட்டையில் கையெழுத்தும் போட்டேன். பிறகு யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானும் போகவில்லை. வேலை கிடைத்தது, திருமணம் நடந்தது. ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். பக்கவாதத்தில் விழுந்த மாமியார் எங்களோடு இருக்கிறார். போன வருடம் மகனுக்கு வலிப்பு வந்து, மருந்து கொடுத்துவருகிறோம். வீட்டில் ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர் என் பழைய கதையைக் கேட்டுவிட்டு, “நீ யோனாவைப்போல ஓடிப்போனாய், தேவனுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையைச் செலுத்தாததால்தான் பிள்ளைக்கு இப்படி” என்றார். அன்றுமுதல் எனக்குத் தூக்கமில்லை. சென்ற மாதம் நைட் டியூட்டியில், இறக்கும் நிலையில் இருந்த ஒரு பாட்டி “கையைப் பிடிச்சுக்கோ தாயி” என்றார். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். வேலை தேங்கிப் பேச்சு வாங்கினேன். ஊழியத்துக்குப் போயிருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டு இப்போதாவது போய்விடவா? கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியில் கேட்டதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவனுக்கு வந்திருப்பது தண்டனை அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். ஜெபித்தாயிற்று, விடுதலை கிடைத்தாயிற்று என்று யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பயந்துபோன தாய்க்கு, தனக்குள் இருக்கும் நர்ஸ் சொல்வது சில நேரம் காதில் விழுவதில்லை.

அந்த ஊழியக்காரர் யோனாவின் பெயரை எடுத்துவிட்டார். நாமும் வேதத்தில் யோனாவின் பெயரிலுள்ள புத்தகத்தையே திறப்போம். நான்கே அதிகாரம். யோனாவுக்குப் போகவேண்டிய ஊர் தெரியும். நினிவே என்று பெயர் சொல்லி அனுப்பப்பட்டவன், யோப்பாவுக்குப் போய், கூலி கொடுத்து, வேண்டுமென்றே தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். உங்களுக்கு எந்த ஊரும் சொல்லப்படவில்லை. உங்களை எழுந்து நிற்கச் சொன்னவர்கள் மறுநாள் முகவரி கேட்டுக்கூட வரவில்லை. அந்தப் புத்தகத்தின் கடைசி வசனத்தை வாசித்துப் பாருங்கள். ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யோனாவிடம், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்கிறார். அந்த ஊரின் மிருகஜீவன்களையும் விட்டுவிடாமல் சேர்த்துச் சொல்கிறார். அந்நிய ஊரின் ஆடுமாடுகளுக்காக மனமிரங்குகிறவர், தாயிடம் கடன் வசூலிக்க ஆறு வயதுப் பிள்ளையின்மேல் கைவைப்பாரா? உங்கள் கடிதத்தில் அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் தணியவில்லை. நோயாளிப் பிள்ளையைக் காட்டித் தாயை மிரட்டுவதற்கு ஊழியம் என்று பெயர் வைக்கக்கூடாது. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுடைய பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்களுடைய பாவமுமல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒருவர் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் ‘பொருத்தனை’ என்ற சொல் உங்களைக் குத்திக்கொண்டிருக்கிறது. பொருத்தனை பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது உண்மைதான். அதை இல்லையென்று மழுப்பி உங்களைத் தேற்ற மாட்டேன். அதே வேதத்தில் பொருத்தனைகளைப் பற்றி இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. கூட்டங்களில் அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. லேவியராகமம் 27. ஒருவன் மனிதர்களையே கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்பதற்கான சட்டம் அது. 20 முதல் 60 வயதுவரையுள்ள ஆணுக்கு ஐம்பது சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு முப்பது என்று மதிப்பும் போட்டிருக்கிறது. அதைச் செலுத்த வழியில்லாத ஏழை என்ன செய்வான்? ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். பொருத்தனை பண்ணினவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்கிறது 8-ஆம் வசனம். மனம் பொங்கும் நேரத்தில், தாங்கமுடியாததை நேர்ந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள் என்பது தேவனுக்குத் தெரியும். சட்டத்திலேயே அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறார். அந்த ஏழை ஒளிந்துகொள்ளவில்லை, வட்டிக்கு வாங்கிக் கட்டவுமில்லை. வந்து நிற்கிறான். உங்கள் காரியத்தில் விட்டுப்போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 15 வருடமாக இந்தப் பாரத்தை நீங்கள் தனியாக மதிப்பிட்டு, தனியாகச் சுமந்து வந்திருக்கிறீர்கள்.

என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாராக இருந்தார். லெந்து நாட்களிலும் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த கையோடும், “எனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு வாலிபர்கள் வருவார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். ஆலயத்துச் சாவியை எடுத்துக் கையில் கொடுப்பார். ஆறு மாதம் விடியற்காலை நாலரைக்கு மணியடிக்க வேண்டும், கோவிலைப் பெருக்க வேண்டும், ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். பலர் ஒரு மாதத்துக்குள் சாவியை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா அதை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் அவர்களைத் தெருவில் பார்த்தால் முன்போலவே நலம் விசாரிப்பார். ஒருவரையும் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆறு மாதம் முடித்தவர்களுக்குத்தான் சேகர ஐயருக்கு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்தின் போதகருக்கு, கடிதம் எழுதிக்கொடுப்பார். சிறுமியாக இருந்தபோது எனக்கு அது கடுமையாகத் தெரிந்தது. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு, 19 வயதில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தச் சாவிதான் என்று படுகிறது.

வேதத்தில் வரும் சிறுவன் சாமுவேலுக்கும் அப்படி வழிகாட்ட ஒருவர் வேண்டியிருந்தது. மூன்று முறை குரல் கேட்டும், அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிப்போன, சொந்தப் பிள்ளைகளையே அடக்கத் தெரியாத அந்தக் கிழவர்தான் அது கர்த்தருடைய குரல் என்று புரிந்துகொண்டு, போய்ப் படுத்துக்கொள், அழைத்தால் இப்படிப் பதில் சொல் என்று கற்றுக்கொடுத்தார். ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே எழுந்து நிற்கும்போது, மேடையில் இருந்தவர்களில் ஒருவராவது ஏலியாக இருந்திருக்க வேண்டும். அட்டைகளை வாங்கிக்கொண்டு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை அறிவித்துவிட்டுப் போனால் போதாது. அவர்களுடைய பங்கையும் நீங்களே சுமந்துகொண்டிருக்கிறீர்கள், அதை இறக்கிவையுங்கள்.

அன்று நடந்தது வெறும் உணர்ச்சி என்று நான் சொல்லவில்லை. தேவன் பேசியிருக்கலாம். எப்போது, எங்கே என்பது பின்னால் வரலாம். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்நின்றவர். தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் அந்தச் சங்கத்தின் ஊழியக் களமானது. ஆட்களை அங்கே அனுப்பியவர் தாம் உடனே போய்விடவில்லை. 1909-இல், 35 வயதில்தான், குருப்பட்டம் பெற்று அதே தோர்னக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இடையில் இருந்த ஆறு வருடத்தைக் கீழ்ப்படியாமை என்று யார் சொல்வார்கள்?

அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். பெண்கள் குழு ஒன்றோடு கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதே தம்முடைய வேலை என்று நம் திருநெல்வேலிச் சீமையில் அலைந்துகொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோவிலிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பேச்சு அவருக்கும் தெரிந்திருந்தது. காலைக் கட்ட விட்டுவிட்டார். ஊர் ஊராகப் போனவர், பால் புகட்டுவதும் காய்ச்சலுக்கு விழித்திருப்பதுமாக டோனாவூரிலேயே தங்கிப்போனார். 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. முழுநேர ஊழியம் என்று நாம் சொல்லும்போது மனதில் வருகிற மேடையும் மைக்கும் அந்த வாழ்க்கையில் எங்கே இருக்கிறது?

உங்கள் காலும் கட்டுண்டு இருக்கிறது. வலிப்பு வரும் பிள்ளை ஒருபக்கம், புரண்டு படுக்கக்கூட முடியாத மாமியார் ஒருபக்கம். பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று பெயர் சொல்லி மறுத்துவிடுகிற வழக்கத்தை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். ஆகையால் உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில்: வேலையை விடாதீர்கள். இப்போது விடாதீர்கள், பயத்தினால் ஒருநாளும் விடாதீர்கள். மகன் சுகமாக வேண்டுமே என்பதற்காகப் போகிற ஊழியம், அவனுக்கு அடுத்த வலிப்பு வருகிற அன்றைக்கே உங்களை நொறுக்கிவிடும்.

இனி அந்தப் பாட்டிக்கு வருகிறேன். கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நடுவில் இருக்கவேண்டியதாகத் தெரிகிறது. அவர் உங்களை வாய்விட்டு அழைத்தார். நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். பிறகு அதற்காகப் பேச்சும் வாங்கினீர்கள். இதை எழுதிவிட்டு, நான் அழைப்பைத் தள்ளிவிட்டேனா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. ‘என் வேலையே என் ஊழியம்’ என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டு, மறுநாளிலிருந்து பழையபடியே இருந்துவிட முடியும். நானே அப்படி இருந்திருக்கிறேன். ஆசிரியப் பணிதான் எனக்குத் தேவன் கொடுத்த ஊழியம் என்று சபையில் சாட்சி சொன்ன அதே வருடத்தில், ஒரே ஒரு சீருடையை இரவில் துவைத்து, மழைக்காலத்தில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்த சிறுமியை மூன்று மாதம் நான் கவனிக்கவே இல்லை. என் மேசையிலிருந்து இரண்டாவது பெஞ்சில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த நினைப்பு இன்றும் என்னைச் சுடுகிறது. அழைப்பு ஒருமுறை எழுந்து நின்றதோடு முடிவதில்லை; உங்களுக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் அது வரும். மற்ற நோயாளிகளின் டிரிப்பும் ஊசியும் காத்திருக்குமே என்பீர்கள். உண்மைதான், அவர்களும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். இறக்கும் நிலையில் ஒருவர் இருக்கிறார் என்றால், டியூட்டி தொடங்கும்போதே கூட இருக்கும் நர்ஸிடம் சொல்லிவையுங்கள். பத்து நிமிடம் அவர் உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொரு நாள் நீங்கள் அவருக்குச் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும்: நோயாளி கேட்காமல் வார்டில் மதம் பேசாதீர்கள். படுத்திருப்பவர் எழுந்துபோக முடியாதவர். அந்த நிலைமையைப் பயன்படுத்துவது அன்பாகாது. அவராகக் கேட்டால், ஜெபிக்கச் சொன்னால், தயங்காமல் ஜெபியுங்கள்.

இந்த வாரமே உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். 19 வயதில் நடந்ததை அல்ல, இப்போது தூக்கமில்லாமல் கிடப்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு இருவருமாக உங்கள் சேகரத்து ஐயரிடம் போங்கள். இதை நேர்ந்துகொண்டேன், என் வீட்டு நிலைமை இது, என் திராணி இவ்வளவு என்று அவர் முன்பாக வந்து நில்லுங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பிடித்ததாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சாவியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சேகரத்தில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராமல் காக்கலாம் என்பது பல வீடுகளில் தெரியாது. மாமியாரை வைத்துப் பார்க்கிற உங்களுக்கு அது கையோடு வந்த வித்தை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஓய்வு கிடைக்கும்போது, இரண்டு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பெண்களுக்குக் காட்டிக்கொடுக்கலாம். ஐயர் வேறு ஏதாவது சொன்னால் அதைச் செய்யுங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் போய் நில்லுங்கள். வடக்கே மிஷன் மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் என்றும் தேவை. உங்கள் வீட்டின் பாரம் குறைகிற ஒரு நாளில் மூன்று பேருமாகப் போகும் வாசல் திறந்தாலும் திறக்கலாம். அதை இன்று முடிவுசெய்ய வேண்டியதில்லை.

மகனை அடுத்த பரிசோதனைக்கு எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அவன் பெயரையும் எழுதுங்கள், இதழில் வராது. காலை ஜெபத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.