பாரசீகம் படிக்க ஆசைப்படும் மகளுக்குப் பொறியியல் சீட் வாங்காதீர்கள்

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் பாரசீகக் கவிதை படிக்கப் போகிறேன் என்கிறாள், பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கட்ட நிற்கிறார், தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்டி, மனம் ஒட்டாத படிப்பில் நான்கு வருடம் அவளை உட்கார வைப்பதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன்.

அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பழைய பாரசீகக் கவி ரூமியின் பெயரில் போனில் சுற்றும் வாசகங்கள்தான் பிடிக்குமா, அந்த மொழியே வேண்டுமா? வாசகங்கள் மட்டும் என்றால் முதல் வருடமே சலித்துவிடும். பாரசீக எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள்; சொல் தெரிந்தால்தான் வாசிக்கவே முடியும். அவன், அவள் இரண்டுக்கும் 'ஊ' என்று ஒரே சொல். இன்னொரு பாரசீகக் கவி ஹாஃபிஸின் கஜல் என்ற காதல் கவிதையில் வரும் காதலர் ஆணா, பெண்ணா, இறைவனா என்று இலக்கணம் காட்டிக்கொடுக்காது. தமிழில் பெயர்ப்பவர் திணறித்தான் போவார்.

ரூமியின் மஸ்னவி என்ற நெடுங்கவிதை ஏறக்குறைய 25,000 ஈரடிகள். முதல் அடியிலேயே பாடபேதம், பிரதிக்குப் பிரதி சொல் மாறுகிறது. 'நாணல் குழல் கதை சொல்வதைக் கேள், பிரிவுகளை நினைத்து முறையிடுகிறது' என்பது பரவலான பாடம். ரூமி 1273இல் மறைந்தார். 1278இல் படியெடுத்த, துருக்கியின் கோன்யா நகரத்துப் பிரதியில், 'இந்தக் குழல் முறையிடுவதைக் கேள், பிரிவுகளின் கதையைச் சொல்கிறது' என்று இருக்கிறது. எது அவர் சொன்னது? உ.வே.சா. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தாரே, அந்த உழைப்புதான் இதுவும். இதைக் கேட்டு அவள் கண் விரிந்தால், தடுக்காதீர்கள்.

சரி, எங்கே படிப்பது? டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தில் பாரசீகத்துக்கு பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது. முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், விடுதியும் மெஸ்ஸும் தனி. எம்.ஏ.வுக்கு அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வைப் பாரசீகத்திலேயே எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆய்வு செய்யலாம். பாட்னா குதா பக்ஷ் நூலகத்திலும் ராம்பூர் ரஸா நூலகத்திலும் பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபு, பாரசீகம், உருதுத் துறை உண்டு.

ஆசிரியர் இடங்கள் குறைவு, அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் செலவில் கறாராக இருக்கச் சொல்கிறேன். கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சே கூடாது. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும். இன்றைய ஈரானில் பேசும் மொழியையும் அவள் விடாமல் பழக வேண்டும், மொழிபெயர்ப்பு வேலைக்கு அதுதான் கைகொடுக்கும்.

பாரசீகத்தில் மொத்தம் 32 எழுத்துகள். இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அவள் எழுதிய நோட்டோடு வாருங்கள், பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள்.