திரும்பி வந்த பிறகுதான் தனியாக உணர்கிறேன்

கேள்வி: கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஆறாவது செமஸ்டரை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் படித்துவிட்டு ஆகஸ்ட் நடுவில் திரும்பினேன். போகும்போது அழாத நான், இப்போது விடுதி அறையில் காரணம் தெரியாமல் அழுகிறேன். அங்கே இரவு பதினொரு மணிக்கு டிராமில் வந்து என் அறையை நானே திறந்தேன். இங்கே மாலை ஆறரைக்கு வார்டனிடம் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே தோழிகள், "ஜெர்மன்காரி ஆரம்பித்துவிட்டாள்" என்கிறார்கள். "நீ முன்பு மாதிரி இல்லை, கண்ணு" என்று அம்மா வருந்துகிறார். அங்கே தேர்ச்சி பெற்ற இரண்டு பாடங்கள் இங்கே அரியர் என்று காட்டுகின்றன. அதனால் பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுக்க முடியவில்லை. போகாமலே இருந்திருக்கலாமோ, அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, நீ போனதில் ஒரு தவறும் இல்லை. உன்னை அனுப்பிய கல்லூரி, நீ திரும்பி வருவாய் என்பதை மறந்துவிட்டது. வழியனுப்பும்போது சால்வையும் புகைப்படமும் இருந்திருக்கும். வந்த அன்று யார் இருந்தார்கள்?

நீ கடைசியில் எழுதிய அரியரை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அழுகைக்குக் கெடு இல்லை, அரியருக்கு உண்டு.

கிளம்பும் முன் ஓர் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பாய்: அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பட்டியல். அதைத் தேடி எடு. அந்த இரண்டு பாடங்களும் அதில் இருந்தால் இது உன் அரியரே அல்ல, அலுவலகத்தின் பதிவுப் பிழை. அங்கே போன பிறகு நேர அட்டவணை இடித்ததால் பாடத்தை மாற்றியிருந்தாயா? நிறையப் பேருக்கு இப்படி நடக்கிறது. அப்படியானால் மாற்றத்தை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலையாவது தேடு. அதுவும் இல்லையென்றால் டிரெஸ்டனில் உனக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் இன்றே எழுதிக் கேள்.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், ஜெர்மனியில் படித்துத் திரும்பிய ஒரு மாணவன் தேர்வுப் பிரிவு ஜன்னலருகே மதிப்பெண் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதில் 1.3 என்று இருந்தது. பத்துக்கு 1.3 என்று எழுத்தர் எடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் 1.0தான் உச்சம். 4.0 தேர்ச்சிக் கோடு, 5.0 தோல்வி. வகுப்பிலேயே சிறந்த மாணவன், தோற்றவனைப் போலத் தலைகுனிந்து நின்றிருந்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த விளக்கத்தைக் காட்டிய பிறகே எழுத்தர் பேனாவை எடுத்தார். நீயும் அந்த விளக்கத்தை நகலெடுத்து, அடிக்கோடிட்டு இணைத்துக் கொடு.

கிரெடிட், அதாவது ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் அலகு, அதன் கணக்கும் இதே போலத்தான் குழப்பும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். வகுப்போடு, நீ தனியாகப் படித்த நேரத்தையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். நம் ஊரில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒரு கிரெடிட். ஆகவே எண்ணோடு எண்ணை ஒப்பிட்டால் சரிவராது. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்படி துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் கேள். வாய்ப்பேச்சு வேண்டாம். நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் போகட்டும். அந்த முடிவு வரும்வரை பிளேஸ்மென்ட்டுக்குத் தற்காலிகமாக அனுமதிக்கும்படியும் அதே கடிதத்தில் கேட்டுவிடு.

இன்னொன்று, வருகைப்பதிவு. ஜெர்மனியில் கோடைப் பருவ வகுப்பு ஏப்ரலில் தொடங்கி, தேர்வு முடிய ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. அதற்குள் இங்கே ஏழாவது செமஸ்டர் ஓடத் தொடங்கியிருக்கும். அந்த வாரங்களில் நீ விடுப்பில் இல்லை, கல்லூரி அனுப்பிய இடத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாய். அந்த நாள்களுக்கு ஓ.டி. (கல்லூரிப் பணியில் இருந்ததாகக் கொள்ளும் 'ஆன் டியூட்டி' பதிவு) கேள்.

இனி உன் அழுகை. அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரை ஆராய்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்ட், அயல்நாட்டில் முதலில் மகிழ்ச்சி, பிறகு ஒரு பள்ளம், பிறகு மீட்சி என்று 1955இல் எழுதினார். 1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர், வீடு திரும்பிய பிறகு இன்னொரு பள்ளம் வருகிறது என்று சேர்த்தார்கள். எல்லோருக்கும் அச்சடித்தாற்போல இப்படி நடப்பதில்லை. ஆனால் இரண்டாவது பள்ளம் ஆளை அசர வைப்பதற்குக் காரணம் உண்டு. புறப்படும்போது குளிர், மொழி, சாப்பாடு என எல்லாவற்றுக்கும் மனத்தைத் தயார் செய்தாய். சொந்த ஊருக்கு வர யார் தயார் செய்துகொள்கிறார்கள்?

விடுதிக் கையெழுத்தைப் பற்றி நீ எழுதியதை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆறு மாதம் தன் பொறுப்பில் வாழ்ந்த பெண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்யும். அது திமிர் அல்ல. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்குமாவது கூடுதல் நேரம் வேண்டும் என்று இறுதியாண்டுப் பெண்கள் சேர்ந்து வார்டனிடம் மனுக் கொடுங்கள். நீ ஒருத்தியாகப் போனால் "ஜெர்மன்காரி" என்றுதான் முடியும். பத்துப் பேராகப் போங்கள்.

கல்லூரியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரி. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. கூச்சப்படாமல் போ. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும், ஆலோசகருக்காகக் காத்திருக்காதே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

தோழிகள் மேல் கோபப்படாதே. நீ இல்லாத ஆறு மாதத்தில் அவர்களுக்கும் என்னென்னவோ நடந்திருக்கும், அதை நீ கேட்டாயா? முதலில் கேள். உன் கதையை முழுதாகக் கேட்கும் ஆட்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். உன் கல்லூரியிலிருந்து முன்பு போய் வந்தவர்களின் பெயர்கள் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் இருக்கும். அவர்களையும், அடுத்த ஆண்டு போகவிருக்கும் தம்பி தங்கைகளையும் ஒரு மாலை ஓர் அறையில் உட்கார வைக்கும்படி அந்த அலுவலகத்தின் பொறுப்பாளரிடம் கேள். ஒப்பந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தால் என்ன ஆகும் என்பதை உன்னைவிட யாரால் சொல்ல முடியும்?

அம்மாவுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அங்கே நீ தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதை ஒரு வேளை அவருக்குச் சமைத்துப் போடு. பேச்சு தானாக வரும்.

கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். ஹால் டிக்கெட் வருவதற்குள் பதில் வரவில்லையென்றால் முதல்வரைப் பார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.