இம்பாலா ஏன் 150 மீட்டரிலேயே ஓடிவிடுகிறது?

கேள்வி: ஜோகன்னஸ்பர்கில் வேலை பார்க்கிறேன். போன ஜூலையில் நண்பர்களோடு லிம்போபோ மாகாணத்தில் ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் காலையும் மாலையும் நடந்தும் எந்த இம்பாலா (ஆப்பிரிக்க இரலைமான்) மந்தையும் 150 மீட்டருக்குள் விடவில்லை. சீறல் கேட்கும், புதருக்குள் பின்புறம் மறையும், அவ்வளவுதான். இலக்குப் பலகையில் நன்றாகவே சுடுகிறேன். இந்த ஆண்டும் போகிறேன். இம்பாலா, முடிந்தால் ஒரு குடு (திருகு கொம்புள்ள பெரிய இரலை). எங்கே தவறுகிறேன்?

பதில்: முதலில் அவை உங்களைப் பார்த்து ஓடினவா, மோந்து ஓடினவா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பார்த்து மிரண்ட இம்பாலா பெரும்பாலும் உடனே ஓடாது. காதை முன்னால் விறைத்து, உங்கள் பக்கமே முகத்தைத் திருப்பி, தலையை மேலும் கீழும் ஆட்டி, திரும்பத் திரும்பச் சீறும். நீங்கள் என்னவென்று உறுதிசெய்ய அதற்கு ஆசை. மோப்பம் பட்டுவிட்டால் இந்த ஆராய்ச்சி எதுவும் கிடையாது, ஒரே பாய்ச்சல். முதலாவது நடந்தால் உங்கள் கால் வேகம் தவறு. இரண்டாவது நடந்தால் காற்று தவறு. புதர்க்காட்டில் புதிதாக நடப்பவர்களுக்கு இரண்டுமே தவறுவதுதான் வழக்கம். ஆனால் திருத்த வேண்டிய வரிசையில் காற்றுதான் முதல்.

முந்தைய இரவு எரித்த விறகின் சாம்பலைச் சலித்து, குழந்தைகள் போடும் பழைய பருத்திக் காலுறையில் ஒரு பிடி போட்டு முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு தட்டுத் தட்டினால் புகை போலச் சாம்பல் எழும்பி, கன்னத்துக்கு உறைக்காத காற்றையும் கண்ணுக்குக் காட்டும். மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதாது. ஒவ்வொரு திருப்பத்திலும், மந்தை தெரிந்த பிறகு இருபது முப்பது அடிக்கு ஒருமுறையும் தட்டுங்கள்.

ஜூலையில் லிம்போபோவில் ஏழு மணிக்குச் சற்று முன் விடியும். அப்போது குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளிலும் வறண்ட ஆற்றுப்படுகைகளிலும் கீழ்நோக்கி மெதுவாக வழியும். நம்பி நடக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் நிலம் சூடேறி, வெற்று மண் தரையிலிருந்து வெப்பக்காற்று எழும்பத் தொடங்கியதும் அது எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்ல முடியாது. முன்னால் போன சாம்பல் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். அந்த வேளையில் மந்தை தெரிந்தாலும் நெருங்காதீர்கள். ஒருமுறை மோப்பம் பிடித்து ஓடிய மந்தை அன்று முழுக்க உஷாராகத்தான் இருக்கும். மாலை மூன்றரைக்கு மேல் காற்று மறுபடி நிதானப்படும்.

தடம் பார்த்துப் போகிறீர்கள், காற்றோ முதுகில் அடிக்கிறது என்றால் தடத்தை விட்டுவிடுங்கள். 200, 300 மீட்டர் பக்கவாட்டில் விலகி, வளைந்து முன்னே போய், எதிர்க்காற்றில் திரும்பி வந்து தடத்தைத் தேடுங்கள். தடம் இல்லையென்றால் விலங்கு உங்கள் வளையத்துக்குள்ளேயே நிற்கிறது என்று பொருள். விளிம்பு கூராக, குளம்புக்குள் உதிர்மண் விழாமல் இருந்தால் தடம் புதிது. இரவில் ஊர்ந்த பூச்சியின் கோடு குளம்புக்கு மேல் ஓடினால் அது நேற்றையது.

அடுத்து நடை. மேய்ச்சல் பகுதிக்குள் நுழைந்த பிறகு நடக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு அடி வையுங்கள், மர நிழலில் நில்லுங்கள், ஒரு நிமிடம் பாருங்கள். 100 மீட்டர் கடக்க நாற்பது நிமிடம் ஆனால் கணக்குச் சரி. ஜூலை அங்கே குளிர்காலம்; உதிர்ந்த மொப்பானே மர இலை அப்பளம் போல நொறுங்கும். காலின் வெளி விளிம்பை முதலில் வைத்து, கீழே குச்சி இல்லை என்று பாதம் உணர்ந்த பிறகே எடையை மாற்றுங்கள். தடித்த மலையேற்றக் காலணியில் இந்த உணர்வு வராது. மெல்லிய ரப்பர் அடி போட்ட தோல் காலணி வாங்குங்கள். நைலான் உடை கூடவே கூடாது. அங்கே சிக்கிள் புஷ் என்று சொல்லும் முட்செடி நம் ஊர் விடத்தேரையேதான். அதன் முள் நைலானில் உரசும் சத்தம் கிழிக்கும் சத்தம் போலக் கேட்கும். பருத்தி உடையில் அதே முள் சத்தமில்லாமல் மாட்டும். ஜீன்ஸ் நீலமும் வேண்டாம். இரலைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு மங்கலாகத் தெரியும், நீலம் பளிச்சென்று தெரியும்.

கண்ணும் பழக வேண்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காது. மரங்களெல்லாம் நெட்டுக்கோடாக நிற்கும் காட்டில் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஆடும் காது, வால் சொடுக்கு, ஈரமான மூக்கு, குடுவின் விலாவில் இறங்கும் மெல்லிய வெள்ளைக்கோடு, இவைதான் கிடைக்கும். 8×42 பைனாகுலரை நாற்பது மீட்டரிலும் எடுங்கள். முன்புதருக்கு ஃபோகஸ் வைத்து, பிறகு சக்கரத்தை மெல்லத் திருப்பினால் அந்தப் புதர் கரைந்து, பின்னால் நிற்பது துலங்கும்.

மந்தையில் நீங்கள் குறிவைக்கும் கிடா ஒரு பிரச்சினையே இல்லை. ஓரத்தில், நீங்கள் எண்ணாமல் விட்ட ஒரு பெட்டைதான் காட்டிக்கொடுக்கும். நகரும் முன் எத்தனை தலை என்று எண்ணுங்கள், எல்லாம் குனியும்போது நகருங்கள். ஒன்று உங்களைப் பார்த்துவிட்டால் ஒற்றைக்காலில் நின்றாலும் அப்படியே உறைந்துவிடுங்கள். அது மேய்வது போலக் குனிந்து சட்டென்று நிமிரும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து, வாலை ஆட்டி, நிஜமாகவே மேயத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அடி. கௌதாரி காலடியிலிருந்து பறந்தாலும், சாம்பல்நிற டுராக்கோ பறவை மரத்தில் கத்தினாலும் இதே கதைதான்: பத்து நிமிடம் நின்றுவிடுங்கள்.

நெருங்கிய பின் பெரும்பாலும் 50 முதல் 120 மீட்டரில் சுட வேண்டியிருக்கும். துப்பாக்கியின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) 3 அல்லது 4 மடங்கிலேயே வைத்திருங்கள். 9 மடங்கில் அறுபது மீட்டர் விலங்கைத் தேடினால் மரப்பட்டையும் ரோமமும்தான் தெரியும். 308 அல்லது 30-06 துப்பாக்கியில் 180 கிரெய்ன் எடையுள்ள, உறையிலிருந்து ஈயம் பிரியாத தோட்டா; ஸ்கோப்பின் குறியும் தோட்டாவும் 100 மீட்டரில் ஒன்றுசேரும்படி ஸீரோ. இம்பாலாவுக்கும் குடுவுக்கும் இதுவே போதும். துப்பாக்கியை வைக்கும் முக்காலித் தாங்கியைக் கண் உயரத்துக்கு முன்பே அளந்து வைத்து, கால்களுக்கு சைக்கிள் டியூப் சுற்றி, மூடியபடி கையில் எடுத்துப் போங்கள். பலகைச் சூட்டை இனி தாங்கியில் நின்றபடியே பழகுங்கள். மேசையில் அமர்ந்து சுட்டு, துளைகள் நெருக்கமாக விழுந்தது இங்கே உதவாது.

கனமான தோட்டா குச்சியைத் துளைத்துப் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எந்தத் தோட்டாவும் விலகும். விலங்குக்கு ஒரு முழம் முன்னால் உள்ள குச்சியைவிட, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள குச்சி பல மடங்கு ஆபத்து, ஏனென்றால் விலகிய கோணம் நீள நீள விரியும். ஸ்கோப் குழலுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் வழி திறந்திருக்கும், குழலின் வாய்க்கு நேரே கிளை நிற்கும். விசையைத் தொடும் முன் ஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுத்துக் குழலின் நேர்க்கோட்டை ஒருமுறை பாருங்கள்.

ஆப்பிரிக்க இரலைகளின் இதயமும் நுரையீரலும் பலரும் நினைப்பதைவிட முன்னால், கீழே இருக்கின்றன. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் கோட்டிலேயே, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். தோளுக்குப் பின்னால் சுடும் பழக்கம் வயிற்றில் கொண்டுபோய் விடும். பின்னால் இன்னொரு விலங்கு நின்றால் காத்திருங்கள்; தோட்டா ஊடுருவிப் போகும்.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, நீங்கள் நின்ற இடத்தில் தொப்பியைப் போட்டு, விலங்கு நின்ற மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு ஈரல், அரைமணி விடுங்கள். பச்சைக் கலங்கலும் புளித்த வாடையும் வயிறு. ஒரு மணி நேரமாவது விட்டு, பண்ணையின் தடம் பார்ப்பவரை முன்னே விட்டு, ரத்தத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போங்கள். காயப்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழு விலை கட்ட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அது நியாயம்தான், பணத்தைவிட அந்த விலங்கின் வலி பெரிது.

இன்னொன்று. ஐந்தரை வாக்கில் சூரியன் விழுந்துவிடும். ஐந்து மணிக்கு மேல் குடு எவ்வளவு நன்றாக நின்றாலும் விட்டுவிடுங்கள். தடம் தேட வெளிச்சம் இருக்காது, மறுநாள் காலை நீங்கள் போவதற்குள் நரி முந்திவிடும்.