பிராக்மாட்டிக் என்றால் காரியவாதியா?

கேள்வி: ஆண்டு மதிப்பீட்டில் மேலதிகாரி என்னை ‘பிராக்மாட்டிக்’ என்று எழுதியிருக்கிறார். அகராதிச் செயலியில் தேடினால் ‘காரியவாதி’ என்று வருகிறது. மனசு ஆறவில்லை. திட்டியிருக்கிறாரா?

பதில்: இல்லை, பாராட்டியிருக்கிறார். நிம்மதியாக இருங்கள். நாளை அறிக்கை தர வேண்டும், தகவல் பாதிதான் வந்திருக்கிறது என்று வையுங்கள். முழுவதும் வரட்டும் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் வந்ததை வைத்து எழுதி, எது பாக்கி என்று ஓரத்தில் குறித்து அனுப்பிவிடுகிறார். இந்த இரண்டாமவர்தான் பிராக்மாட்டிக்.

‘பிராக்மா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செயல், காரியம் என்று பொருள். அந்தக் காரியத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ காரியவாதி என்று போட்டுவிட்டார்கள். தமிழில் காரியவாதி என்பது வசைச்சொல். தன் வேலை முடிந்ததும் திரும்பிப் பார்க்காத ஆளைச் சொல்வது. ‘நடைமுறை அறிந்தவர்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்க மாட்டீர்கள்.

எனக்குக் கோபமெல்லாம் ‘முப்பது நாளில் ஆயிரம் சொற்கள்’ என்று பட்டியல் விற்பவர்கள்மேல்தான். பிராக்டிகல், பிராக்மாட்டிக் இரண்டுக்கும் ஒரே அர்த்தம் போட்டுக் காசு வாங்கிவிடுகிறார்கள். மடக்கிப் பைக்குள் வைக்கும் குடை பிராக்டிகல். அதைப் பிராக்மாட்டிக் என்று சொல்ல முடியாது. மனிதர், முடிவு, அணுகுமுறை இவற்றுக்குத்தான் அந்தச் சொல். பள்ளிக்கூடமும் லேசுப்பட்டதல்ல. ‘பொருத்துக’ என்று ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தத்தைக் கோடு போட்டு இணைக்கப் பழக்கிவிட்டால், வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் புத்தி எப்படி வரும்?

ஒரு விதிவிலக்கு உண்டு. வரலாற்றுப் புத்தகத்தில் ‘பிராக்மாட்டிக் சாங்ஷன்’ என்று வந்தால் நடைமுறை அறிவைத் தேடாதீர்கள். அங்கே அது அரசு காரியம் குறித்த ஆணை. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713-இல் போட்டது பிரபலம்: ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்கே ஆட்சி. அப்போது அவருக்கு மகளே பிறக்கவில்லை. மரியா தெரேசா பிறந்தது 1717-இல். 1740-இல் சார்லஸ் இறந்ததும், அந்த ஆணையை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பிற நாட்டு அரசர்கள் சிலரே மகளுக்கு எதிராகப் படையெடுத்தார்கள். இந்த ஆணையின் பெயரை ‘நடைமுறைக்கேற்ற ஒப்புதல்’ என்று மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அப்படியே விடுங்கள்.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘டூ’ (too, அளவுக்கு மீறி) என்று இருக்கிறதா? இருந்தால், கொள்கையைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற குறை அது. அதை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.